கட்டிக்குக் காத்திருக்கத் தெரியாது
(குடும்ப நலம்)



"இந்தக் கொரோனா முடியட்டும், பிறகு காட்டுவோம்." 2020, 2021ஆம் ஆண்டுகளில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்ட பேச்சு இது. பல்வலிக்கும் மூட்டு வலிக்கும் சொன்னால் பாதகமில்லை. மார்பில் கைக்குத் தட்டுப்பட்ட கட்டிக்கும், சோறு இறங்காமல் நெஞ்சுக்குழியில் நிற்பதற்கும், மாதவிடாய் நின்று பல வருடங்களுக்குப் பின் மீண்டும் கண்ட இரத்தப்போக்குக்கும் இதே பேச்சுத்தான் சொல்லப்பட்டது. கொள்ளை நோய்க் காலத்தில் புற்றுநோய் விடுமுறை எடுப்பதில்லை. அப்படியான காலத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரிய புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை எப்படி நடக்கிறது, வைத்தியர்கள் எதை எதோடு நிறுத்துப் பார்க்கிறார்கள், வீட்டில் இருக்கும் நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இம்மாதம் பார்ப்போம்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணம்

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. இரண்டு நாள் கழித்து யாழ்ப்பாணத்தின் முதல் கொவிட் நோயாளி கண்டறியப்பட்டார். உடனே கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி, புத்தளம் ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் ஆபத்துக் கூடிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மற்ற மாவட்டங்களில் இடைக்கிடை ஊரடங்கு தளர்ந்தபோதும் இந்த மாவட்டங்களில் அது நீடித்தது.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல, இன்றும் ஒரு காலைச் சோனகத் தெருவிலும் மறு காலைப் புத்தளத்திலும் வைத்தே வாழ்கின்றன. உம்மா இங்கே, மகள் அங்கே. இரண்டு மாவட்டமும் ஒன்றாக அடைபட்டால் நோயாளியோடு துணைக்கு நிற்க யார் வருவது? ஏப்ரல் கடைசியில் ரமழானும் பிறந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. வீட்டோடு ஸஹரும் இப்தாரும் தயாரித்துக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வட மாகாணத்துக்குப் போதனா வைத்தியசாலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. தீவுப் பகுதியிலிருந்து படகேறி வருபவரும், கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வருபவரும் பெரிய சத்திரசிகிச்சைக்கு அங்கேதான் வரவேண்டும். புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சையும் மருந்தேற்றலும் தெல்லிப்பழையில் நடக்கின்றன. முன்னொரு காலம் இதற்கெல்லாம் மஹரகமைக்கு ஓடவேண்டியிருந்தது. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்ட ஒரு நடைபயணம் நடந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பாராமல் மக்கள் கொடுத்த பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சேர்ந்தது. ஸதகத்துல் ஜாரியா என்று நாம் சொல்வதற்கு இது நல்ல உதாரணம்.

பெரிய சத்திரசிகிச்சை என்றால் என்ன?

ஒரு சின்னக் கட்டியை வெட்டி எடுத்து மறுநாள் வீட்டுக்கு அனுப்புவது ஒன்று. உணவுக்குழாயில் வந்த புற்றுநோயை எடுப்பது வேறொன்று. அங்கே வயிற்றையும் நெஞ்சையும் திறக்க நேரிடும். உணவுக்குழாயின் பெரும் பகுதியை அகற்றி, இரைப்பையைக் குழாய் போல ஆக்கி மேலே இழுத்துப் பொருத்துவார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் வரும் புற்றுநோய்க்குச் செய்யும் 'விப்பிள்' என்ற சத்திரசிகிச்சையில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூன்று இடங்களில் புதிதாகத் தைத்து இணைக்கவேண்டும். இவை பல மணி நேரம் பிடிக்கும் வேலைகள். இரத்தம் ஆயத்தமாக இருக்கவேண்டும். முடிந்த பின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் வேண்டும். சிலருக்குச் செயற்கைச் சுவாச இயந்திரமும் தேவைப்படும்.

இந்த இரு நோய்களையும் நான் சும்மா எடுத்துச் சொல்லவில்லை. யாழ்ப்பாணப் புகையிலைக்கு ஊருலகில் பேர் உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சேர்த்து வாயில் அடக்கும் பழக்கம் நம் மூத்த பெண்களிடமும் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய்க்கும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் அது ஒரு முக்கிய காரணம். பாக்கு மட்டும் போட்டாலும் தீங்குதான். கணையத் தலையில் வரும் நோயோ பெரும்பாலும் வலியில்லாத மஞ்சட்காமாலையாகத் தலைகாட்டும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். நம் வீடுகளில் என்ன செய்வோம்? கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுத்துப் பத்தியம் பார்ப்போம். வயது போனவருக்கு வலியில்லாமல் காமாலை கண்டால் அந்த வாரமே ஸ்கேன் எடுக்கவேண்டும் என்பது நமக்குத் தெரிவதில்லை. நோய் முற்றும் முன் வெட்டி எடுக்கக்கூடிய காலம் சிறியது. அது பத்தியத்தில் போய்விடுகிறது.

தராசின் இரண்டு தட்டுகள்

கொள்ளை நோய்க் காலத்தில் சத்திரசிகிச்சை நிபுணரின் கையில் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் இன்று வெட்டினால் வரும் ஆபத்து. மறு தட்டில் பிந்தினால் வரும் ஆபத்து.

முதல் தட்டைப் பாருங்கள். 2020 மே மாதம் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 24 நாடுகளில் 235 ஆஸ்பத்திரிகளில், சத்திரசிகிச்சையை ஒட்டிய நாட்களில் கொரோனா தொற்றிய 1128 நோயாளிகளைப் பற்றிய கணக்கு அது. அவர்களில் பாதிப் பேருக்கு நுரையீரல் பாதிப்பு வந்தது. 30 நாட்களுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவை அவசரச் சத்திரசிகிச்சைகள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனாலும் வைத்தியர்களைத் திடுக்கிட வைத்த கணக்குத்தான். மயக்க மருந்து கொடுக்கத் தொண்டையில் குழாய் விடும் நேரம், வைத்தியருக்கும் தாதியருக்கும் கிருமி தொற்ற மிக வாய்ப்பான நேரம். அதிதீவிர சிகிச்சைக் கட்டிலும் சுவாச இயந்திரமும் கொவிட் நோயாளிக்கும் வேண்டும், புற்றுநோயாளிக்கும் வேண்டும். இரத்ததான முகாம்கள் நடக்காததால் இரத்த வங்கியிலும் தட்டுப்பாடு.

இனி மறு தட்டு. 2020 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வந்த ஆய்வொன்று, புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நான்கு வாரம் பிந்தினால் மரண ஆபத்து 6 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என்று காட்டியது. எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று போனால் அது மேலும் ஏறும். 2021இல் 61 நாடுகளின் 20,000 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், முழு ஊரடங்கு இருந்த இடங்களில் சத்திரசிகிச்சைக்குக் குறித்திருந்தவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் அதைப் பெறவேயில்லை என்று தெரிந்தது. கொரோனா தொற்றாமலே கொரோனாவால் பாதிக்கப்பட்டவர்கள் இவர்கள்.

ஆகவே 'எல்லாவற்றையும் நிறுத்து' என்பதும் சரியில்லை, 'எல்லாவற்றையும் பழையபடி செய்' என்பதும் சரியில்லை. யாருக்கு இன்று, யாருக்கு அடுத்த மாதம் என்று பிரிக்கவேண்டியிருந்தது. இரத்தம் போகிறவர், குடல் அடைத்தவர், உணவு இறங்காதவர், வேகமாக வளரும் கட்டி உள்ளவர் முன்னால் வருவார்கள். சில வகை மார்புப் புற்றுநோய்களுக்கு ஹோர்மோன் மாத்திரை கொடுத்துச் சில காலம் பார்த்திருக்கலாம். சிலருக்கு மருந்தேற்றலை முதலில் செய்துவிட்டுச் சத்திரசிகிச்சையைப் பிறகு வைக்கலாம். தைரொயிட் சுரப்பியின் மெதுவாக வளரும் நோய் சில மாதம் பொறுக்கும். இந்தப் பொறுமை வைத்தியர் கணக்குப் பார்த்துச் சொல்லும் பொறுமை. வீட்டில் நாமாகச் சொல்லிக்கொள்ளும் பொறுமைக்கும் அதற்கும் வெகுதூரம்.

முடியுமா என்றால் முடிந்தது

மும்பையில் இந்திய அரசின் கீழ் இயங்கும் டாட்டா நினைவு மருத்துவமனை வழிகாட்டியது. 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை, இந்தியா முழுவதும் அடைபட்டுக் கிடந்த நாட்களில், அங்கே 494 புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைகள் நடந்தன. அவற்றுள் பெரியவையும் இருந்தன. சத்திரசிகிச்சைக்குப் பின் ஒருவரும் மரணிக்கவில்லை என்று அம்மருத்துவமனை பதிவு செய்தது. அல்ஹம்துலில்லாஹ்.

எப்படிச் சாதித்தார்கள்? பெரிய மந்திரம் எதுவுமில்லை. ஒழுங்குதான். உலகெங்கும் இதே ஒழுங்கைத்தான் கைக்கொண்டார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் பி.சி.ஆர். பரிசோதனை. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மருத்துவ பீடமே 2020 ஏப்ரலில் இந்தப் பரிசோதனையைத் தொடங்கியது. வந்த நோயாளி அந்த நாட்களில் வீட்டைவிட்டு வெளியே போகாமல் ஒதுங்கியிருக்கவேண்டும். கொவிட் நோயாளிகள் போகும் வழியும் சத்திரசிகிச்சை நோயாளிகள் போகும் வழியும் வேறு வேறாக இருக்கவேண்டும். தியேட்டரில் தேவைக்கு மேல் ஆள் நிற்கக்கூடாது. பழகிய கை வேலை செய்யவேண்டும். முகக்கவசமும் மேலங்கியும் அணிந்து வியர்வையில் நனைந்தபடி மணிக்கணக்காக நிற்கவேண்டும். வழி பிரித்து வைத்த ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சைக்குப் பின் நுரையீரல் பாதிப்பு நூற்றுக்கு 2 பேர் அளவிலும், பிரிக்காத இடங்களில் 5 பேர் அளவிலும் இருந்ததாக 55 நாடுகளின் கணக்குச் சொல்கிறது.

இன்னொரு முக்கிய பாடமும் கிடைத்தது. கொரோனா வந்து சுகமானவருக்குச் சத்திரசிகிச்சையை ஏழு வாரமாவது தள்ளி வைப்பது பாதுகாப்பு என்று 2021இல் 116 நாடுகளின் ஆய்வு காட்டியது. நோயின் அவசரத்தைப் பார்த்து வைத்தியர் இதைக் கூட்டிக் குறைப்பார். ஆகவே காய்ச்சல், இருமல் வந்ததை மறைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போகக்கூடாது. தேதி தள்ளிப்போகுமே என்ற பயத்தில் மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குச் சோதனை புதிதல்ல. 1850இல் ஏழைகளுக்காக ஒரு தர்ம ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது அது. 1987 ஒக்டோபர் 21இல் இந்தியப் படையினர் உள்ளே புகுந்து சுட்டதில் அங்கிருந்த நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். யுத்த காலம் முழுவதும் மருந்துத் தட்டுப்பாட்டோடு அது இயங்கியது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது மருந்துக்கும் எரிபொருளுக்கும் மறுபடி தட்டுப்பாடு வந்தது. இத்தனைக்குப் பிறகும் காசு வாங்காமல் கதவைத் திறந்து வைத்திருக்கும் இடத்துக்கு நாம் பிந்திப் போகலாமா?

நமக்கே உரிய ஒரு பயம்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவளாவேன். நம் பெண்கள் அப்போது ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்ததற்குக் கிருமி மட்டும் காரணமல்ல. 2020 ஏப்ரல் 11இல் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல், கொவிட்டில் இறந்தவர் எவராயினும் உடலை எரிக்கவேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கப்படவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து இருபதே நாளான பச்சைக் குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த விதி மாற்றப்பட்டு, மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோர முடிவெடுத்தது.

அந்த பத்து மாதமும், "ஆஸ்பத்திரியில் மவ்த்தானால் பி.சி.ஆர். எடுப்பார்கள், பொசிட்டிவ் என்பார்கள், கப்ரும் கிடைக்காது" என்ற பேச்சு நம் அடுப்படிகளில் ஓடியது. அந்தப் பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. ஒரு முஸ்லிமுக்குக் கப்ரு எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. பயம் மட்டும் சில வீடுகளில் இன்னும் தங்கி நிற்கிறது. இன்று அந்தக் காரணத்தைச் சொல்லி எந்தப் பெண்ணையும் வீட்டில் இருத்தி வைக்க வேண்டியதில்லை. நாளை வேறொரு கொள்ளை நோய் வந்தால், இப்படியான உரிமைகளுக்காக ஆண்களும் பெண்களும் பேசவேண்டும். அதோடு நோயாளியையும் நேரத்துக்குக் கொண்டுபோகவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியவைதான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் போகவேண்டாம், அங்கே இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பதை நாம் அறிவோம். ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் என்று கேள்விப்பட்டு உமர் (ரழி) அவர்கள் பாதிவழியில் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியைவிட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) விடை சொன்னார்கள். ஒதுங்கியிருப்பதும் கத்ரு, மருந்து செய்வதும் கத்ருதான். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியதும் நபிகளார்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்களும் அவர்களே.

அந்நிய ஆணிடம் மார்பைக் காட்டுவதா என்ற கூச்சம் நல்ல ஈமானின் அடையாளம். பெண் வைத்தியரைக் கேளுங்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது, நிர்ப்பந்தம் உள்ள இடத்தில், தேவையான அளவுக்கு ஆண் வைத்தியர் பார்ப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தாதியோ கணவரோ உடன் நிற்கலாம். நபிகளாரின் காலத்திலேயே ருபைதா (ரழி) என்ற பெண்மணி பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அடித்துக் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி என்ற முஸ்லிம் மருத்துவர் சத்திரசிகிச்சை பற்றிப் பெரும் நூல் எழுதினார். மார்புப் புற்றுநோய் சிறிதாக இருக்கும்போது, முழுவதும் எடுக்கக்கூடிய நிலையில் வெட்டவேண்டும், முற்றிப் பெருத்ததை வெட்டிக் குணமாக்க முடிவதில்லை என்பது அவர் அதில் தரும் பாடம். இன்றைய வைத்தியர்களும் அதையே சொல்கிறார்கள்.

படுக்கையில் கிடந்து தண்ணீர் தொட முடியாதவருக்குத் தயம்மும் உண்டு. எழும்ப முடியாதவர் இருந்தும் படுத்தும் தொழலாம். நோன்புக்கும் சலுகை உண்டு. உங்கள் நிலையை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மார்க்கம் தந்த சலுகையை மறுத்து மருந்தை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்யவேண்டியவை

1. மாதம் ஒரு முறை உங்கள் மார்பை நீங்களே பரிசோதியுங்கள். கட்டி, தோல் சுருங்குதல், முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தம் கசிதல் கண்டால் அந்த வாரமே காட்டுங்கள். வலி இல்லையென்பது ஆறுதலுக்குரிய செய்தி அல்ல.

2. 35 வயதைத் தொட்டவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். கருப்பைக் கழுத்துப் பரிசோதனை அங்கே இலவசம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாள் சொல்லுவார்.

3. மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், வலியில்லாத மஞ்சட்காமாலை, காரணமில்லாத மெலிவு ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். வெற்றிலைத் தட்டத்தை விருந்தாளிக்கு நீட்டும் வழக்கத்தையும் விடுவோம்.

4. கிளினிக் கொப்பி, ஸ்கேன் படம், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். கிளினிக் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். ஊரடங்கு வந்தால் "வரவா, வேண்டாமா" என்று கேட்டு முடிவெடுங்கள். கிளினிக் கொப்பியைக் காட்டினால் வழியில் பொலிஸாருக்கும் விளங்கும்.

5. தேதி பிந்தினால் புதிய தேதியைக் கையோடு கேட்டு வாங்குங்கள். இடையில் கட்டி பெருத்தாலோ உணவு இறங்காவிட்டாலோ தேதி வரும்வரை இராமல் அறிவியுங்கள்.

6. சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவரை நன்றாகச் சாப்பிட வையுங்கள், மெல்ல நடக்க வையுங்கள், மூச்சுப் பயிற்சி செய்ய வையுங்கள். சுருட்டு, சிகரட், புகையிலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பார்க்க வருபவர் கூட்டத்தைக் குறையுங்கள். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து. இருமலோடு வந்து அவர் கட்டிலில் இருப்பது சுன்னத்து அல்ல.

7. குடும்பத்து ஆண்கள் இரத்தம் கொடுக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்ததான முகாம் வைக்கட்டும்.

கணவன்மாரே, இப்பக்கத்தை நீங்களும் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டுப் பெண் தன் நோயைத் தானாகச் சொல்லமாட்டாள். பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும், பெருநாள் போகட்டும், மகளின் நிகாஹ் நடக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போவாள். ஒரு நாள் வேலையை விட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது உங்கள் கடமை.

நோயுற்ற சகோதரிகள் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிபாவைத் தருவானாக. அவர்களுக்காகக் கண் விழித்து நிற்கும் வைத்தியர், தாதியர், சிற்றூழியர் எல்லோருக்கும் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.